போவதா, இருப்பதா: வெளிநாட்டுப் படிப்பை யோசிக்கும் இளம் ஓவியர்களுக்கு

தை பிறந்தால் எனக்கு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளில் படித்து முடித்த தம்பி, தங்கைகள் கூப்பிடுவார்கள். "அக்கா, ஜெர்மனிக்குப் போடலாமா? லண்டன்ல ஒரே வருஷமாமே? இல்ல, இங்கேயே இருந்துடட்டுமா?" நான் ஜெர்மனியில் அச்சுக்கலை படித்து, இரண்டு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள்.

இந்த ஆண்டு கேட்டவருக்கு 24 வயது. செய்யாறு பக்கத்து ஊர். மரப்பலகையைச் செதுக்கி அச்செடுக்கும் மரச்செதுக்கும், உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங்கும் செய்கிறார். நான்கு ஆண்டாகப் பங்குனி முதல் ஆடி வரை எந்த ஊரில் பாரதக் கூத்து வைத்தாலும் போய் இரவெல்லாம் உட்கார்ந்து ஸ்கெட்ச் போடுகிறார். அரிதாரம் பூசும் கைகள், முகவீணைக்காரரின் உப்பிய கன்னம், கூத்து முடியும் நாளான படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் என்று நோட்டு நோட்டாக வைத்திருக்கிறார். ஒரு கூத்து வாத்தியார் இவரைத் தன் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஓர் ஆளாகவே நடத்துகிறார். இப்போது லண்டனில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முன்பணம் கட்ட ஒரு மாதம்தான் அவகாசம்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை செய்கிறவர்களுக்கு இது பொருந்தும். அனிமேஷன், யு.எக்ஸ். (செயலி, இணையதள வடிவமைப்பு) மாதிரித் துறைகளின் கணக்கு வேறு.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் கல்லூரியின் பெயரில் தொடங்குகிறார்கள். நான் ஐந்து கேள்விகளில் தொடங்கச் சொல்வேன்.

உங்கள் வேலை எதிலிருந்து வருகிறது? சிலருக்கு ஸ்டுடியோவும் புத்தகங்களும் போதும், எந்த ஊரிலும் வேலை நடக்கும். சிலருக்கு ஓர் இடமும் ஒரு பருவமும் வேண்டும். செய்யாற்றுத் தம்பி இரண்டாவது வகை.

அது உங்களுக்காகக் காத்திருக்குமா? நான் கேட்க மறந்த இந்தக் கேள்வியைத் தம்பிதான் எடுத்தார். "வாத்தியாருக்கு 68 வயசு அக்கா" என்றார். கல்லூரி இடம் அடுத்த ஆண்டும் கிடைக்கலாம். அந்த மனிதர் விடிய விடிய நின்று ஆடுவது எத்தனை பருவம் என்று யாருக்கும் தெரியாது.

பணம் யாருடையது? கையிருப்பா, உதவித்தொகையா, கடனா?

அங்கே எந்த வேலை செய்து சம்பாதிக்க விசா அனுமதிக்கிறது?

உங்கள் வேலையைப் பார்த்து உண்மையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இங்கே என்றாலும் சரி, அங்கே என்றாலும் சரி.

## வழி 1: லண்டனில் ஓராண்டு முதுகலை

கிடைப்பது பெரியது. உலகின் முக்கியமான அருங்காட்சியகங்கள் பலவற்றில் நுழைவுக்கட்டணமே இல்லாத நகரம் அது. டேட் மாடர்னுக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நினைத்தபோது நடந்து போகலாம். ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஓராண்டில் முடிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். வெளிநாட்டு மாணவருக்கு லண்டனில் கலை முதுகலைக் கட்டணம் 25,000 பவுண்டுக்குக் கீழே கிடைப்பது அரிது. விசாவுக்கு மாதம் சுமார் 1,500 பவுண்டு வீதம் 9 மாதச் செலவுப்பணத்தையும் காட்ட வேண்டும். மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் 45 லட்சத்தை நெருங்கிவிடும்.

இதில் 40 லட்சத்தை 11 சதவீத வட்டியில் கடனாக எடுத்துப் பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். அரசு வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் கேட்பார்கள். அப்பாவின் வீட்டுப் பத்திரம் பத்தாண்டு வங்கியில் கிடக்கும். தொடக்க நிலையில் உள்ள ஓர் ஓவியருக்குப் படம் விற்று மாதம் 55,000 கட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது, மாணவர் விசா. கல்விப் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் கூடாது. காப்பிக் கடையில் மேசை துடைக்கலாம். ஒரு பதிப்பகத்துக்கு ஃப்ரீலான்ஸாக அட்டைப்படம் வரைந்து கொடுத்துப் பணம் வாங்கக் கூடாது. உங்களுக்குக் கைவந்த ஒரே தொழிலைத்தான் செய்யக் கூடாது என்கிறார்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா வாங்கிய பின் சுயதொழில் செய்யலாம். 2 ஆண்டாக இருந்த அந்த விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான்.

பணத்தில் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பில் முதல் மூன்று மாதம் ஊரைப் பழகுவதிலும், கடைசி மூன்று மாதம் இறுதிக் காட்சியிலும் போய்விடும். நடுவில் மிஞ்சும் ஆறு மாதத்தில் புதிதாக ஒன்றைக் கற்று, அது கைக்குள் இறங்கவும் வேண்டும்.

யாருக்கு நல்லது: முழு உதவித்தொகை கிடைத்தவருக்கு. குடும்பத்தில் கடனில்லாமல் தர முடிந்தவருக்கு. கண்காட்சிகளை அமைக்கும் கியூரேட்டராகவோ கலை விமர்சகராகவோ போக விரும்புகிறவருக்கும்தான், ஏனென்றால் அங்கே அறிமுகமாகும் மனிதர்களே அவருடைய தொழிலின் மூலதனம்.

## வழி 2: ஜெர்மனியின் அரசு அகாடமி

நான் போன வழி என்பதால் இதில் அதிகம் சொல்ல இருக்கிறது.

அரசு அகாடமிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மற்ற இடங்களில் பருவத்துக்குச் சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணம்தான். ஆனால் விசாவுக்காக, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோவுக்கு 100 ரூபாய் என்றால் சுமார் 12 லட்சம். அது கட்டணமில்லை, மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்பி வரும் சாப்பாட்டுப் பணம். இந்திய மாணவர்கள், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும், அதற்கு 18,000 ரூபாய்.

சேர்க்கை மாப்பேயில்தான் தீர்மானமாகிறது. மாப்பே என்றால் நம் படைப்புகளைக் கட்டி அனுப்பும் கோப்பு. உள்ளே போனபின் வகுப்பு என்பது ஒரு பேராசிரியரைச் சுற்றி இருக்கும் ஒரு குழு. அதனால் கல்லூரியைத் தேடுவதைவிட, யாருடைய வகுப்பில் உங்கள் வேலைக்கு இடமிருக்கும் என்று தேடுவது முக்கியம். முன்பே எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய வரம் அங்கிருந்த பட்டறை. எட்சிங் தொட்டிக்கு மேலே புகையை உறிஞ்சும் குழாய், மூன்று அளவில் பிரஸ், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் கதவு. பேராசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். பட்டறைப் பொறுப்பாளர் தினமும் இருப்பார். இங்க்கைத் துடைக்கும்போது மணிக்கட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். அந்த ஒன்றுக்காகவே போனது தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி இதன் மறைசெலவுகள். முதலில் மொழி. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல்ஷூலெ மாதிரி ஆங்கிலத்தில் நடப்பவை குறைவு. மற்றவற்றில் வகுப்பு விமர்சனம் ஜெர்மனில்தான் நடக்கும். என் படத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள், எனக்குப் பாதிதான் புரிந்தது. தடையில்லாமல் பேசிப் புரிந்துகொள்ளும் பி2 நிலைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த ஓராண்டையும் படிப்புக் காலத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், 140 முழு நாள் வரை வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு, ஆனால் சுயதொழிலுக்கு அங்கும் அயல்நாட்டினர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும்.

தரகர்களிடமும் கவனமாக இருங்கள். நான் முதலில் போன ஆலோசனை நிறுவனம் அரசு அகாடமி பற்றி வாயே திறக்கவில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கும் ஒரு தனியார் பள்ளிக்குத்தான் படிவத்தை நீட்டியது. சேர்த்துவிடும் மாணவருக்கு இவ்வளவு என்று அந்தப் பள்ளி அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. அரசு அகாடமிகளுக்கு நாமே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் வேண்டாம்.

இன்னொன்று, என்னை நெடுநாள் உறுத்தியது. அங்கே என் வேலையைப் பார்த்தவர்கள் முதலில் பார்த்தது இந்தியாவை, அப்புறம்தான் என் கோடுகளை. வாசலில் போடும் கோலத்தை நினைத்து நான் செய்த வரிசைக்கு, அது எந்தச் சடங்கு, எந்தத் தெய்வம் என்றே கேள்விகள் வந்தன. கொஞ்ச நாளில் அவர்கள் கேட்பதற்கு ஏற்றபடி நானே செய்யத் தொடங்கியிருந்தேன். ஊருக்குத் திரும்பி, அந்தப் படங்களை அம்மா முன்னால் விரித்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. உள்ளூர்க் கலைக்குள் ஊறியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

தம்பியின் கணக்கில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜெர்மனியின் கோடைப்பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவரை நடக்கும். பங்குனி முதல் ஆடி வரையிலான கூத்துப் பருவத்தின் நடுப்பகுதி முழுவதும் அதில் போய்விடும். இரண்டாண்டுப் படிப்பு என்றால் இரண்டு கூத்துப் பருவம்.

யாருக்கு நல்லது: பட்டறையும் கருவியும் தேவைப்படுகிறவருக்கு. எட்சிங், லித்தோ (கல்லச்சு), உலோக வார்ப்பு, பீங்கான் செய்கிறவர்கள் இதில் வருவார்கள். மொழி கற்கப் பொறுமை உள்ளவருக்கு. இரண்டு மூன்று ஆண்டு ஊரை விட்டிருந்தாலும் வேலை வற்றாதவருக்கு.

## வழி 3: அமெரிக்காவில் உதவித்தொகையோடு எம்.எஃப்.ஏ.

எம்.எஃப்.ஏ. என்பது கவின்கலை முதுகலைப் படிப்பு. கடன் வாங்கிப் போவதானால் லண்டனுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், தொகை மட்டும் இன்னும் பெரிது. ஆனால் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பதற்கு ஈடாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதம் ஒரு தொகையும் தருகிறார்கள். பெயர் பெற்ற கல்லூரிகளையே பார்க்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும்.

இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பு. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை விடுமுறை என்பதால் வைகாசி, ஆனி, ஆடியில் ஊருக்கு வரலாம், டிக்கெட்டுக்குப் பணமிருந்தால். படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி 12 மாதம்தான். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் ஓவியம், சிற்பம் படித்தவர்களுக்குக் கிடையாது. பக்கத்து அறையில் கணினி படிக்கும் நண்பரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

யாருக்கு நல்லது: கற்பிக்கப் பிடித்தவருக்கு, நாளைக்கு இங்கேயோ அங்கேயோ ஆசிரியராக நினைப்பவருக்கு.

## வழி 4: ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ரெசிடென்சி

ஓரிடத்தில் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்து, பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. இது படிப்பைவிடச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். நம் கலை வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டுத் திரும்பினார். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் இருப்பது எழுத்தும் ஜாதகக் கட்டமும்தான். பரோடாவின் அச்சுக்கலைஞர் ஜோதி பட் 1960களில் நேப்பிள்ஸிலும் நியூயார்க்கின் பிராட் இன்ஸ்டிடியூட்டிலும் கற்றுத் திரும்பினார், அதற்குப் பிறகுதான் கிராமம் கிராமமாகப் போய்ச் சுவர் ஓவியங்களையும் தரைக்கோலங்களையும் ஒளிப்படம் எடுத்தார். அவர் இருந்தது மாதக்கணக்கில் இல்லை, ஆண்டுக்கணக்கில். இருந்தாலும் திரும்பி வந்து எதைப் பார்த்தார் என்பதற்காக அவரையும் இங்கே சொல்கிறேன்.

பிரிட்டனுக்குச் சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், சுவிட்சர்லாந்துக்குப் புரோ ஹெல்வெட்டியா, பொதுவாக இன்லாக்ஸ் அறக்கட்டளை என்று கதவுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய கால விசா என்றால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம்மிடமே வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ரெசிடென்சிகள் நிறைய உண்டு. அழகான மலை, அழகான வீடு, கண்ணைப் பறிக்கும் போட்டோக்கள். தேர்வான கடிதம் வந்ததும் மகிழ்ந்துவிடாமல், தங்குமிடம், பயணம், பொருள்செலவு மூன்றையும் யார் தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சிற்பிகளுக்கு இன்னொன்று: வெண்கலம், கல், மரச் சிற்பங்களோடு விமானம் ஏறும் முன் அவை பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் கண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும். அச்சுக்கலைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, காகிதத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.

யாருக்கு நல்லது: வேலை ஏற்கெனவே வேகம் பிடித்திருப்பவருக்கு. கூத்துப் பருவம் முடிந்த ஆவணிக்கு மேல் போய், தைக்குள் திரும்பலாம்.

## வழி 5: இங்கேயே இருப்பது

1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கட்டினார்கள். மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணம் அது. பகலில் பிழைப்புக்குப் பத்திக், மற்ற நேரத்தில் ஓவியம் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த நிறுவனர்களில் ஒருவரான விஸ்வநாதன் 1968இல் பாரிஸுக்குப் போனவர், சோழமண்டலத்தையும் விட்டுவிடவில்லை. அன்றைய மணல்வெளி இன்று ஈ.சி.ஆர். அந்த நில விலையில் இன்று யாரும் அதைத் திரும்பச் செய்ய முடியாது, ஆனால் ஏற்பாட்டைச் செய்யலாம்.

செலவு குறைவு. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ, அதாவது அச்சுப் பட்டறை, இருக்கிறது. மரச்செதுக்குக்குப் பிரஸ்கூட வேண்டாம், கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தே பிரதி எடுக்கலாம். பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1990களிலிருந்து கலைத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. கொச்சியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் காட்சியான பியனாலேயோடு மாணவர் பியனாலேயும் நடக்கிறது.

மறைசெலவு இதிலும் இருக்கிறது. பிழைப்பு வேலை மெல்ல மெல்ல முழுநாளையும் தின்றுவிடும். சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் "ஒரே ஒரு படம்" என்று போய் ஏழு ஆண்டாகத் தூரிகை தொடாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். படம் விற்றாலும் கேலரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, "நல்லா இருக்கு" என்ற ஒரே வார்த்தை. இங்கே யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. ஐந்து ஆண்டு அப்படியே போனால் கை தான் பழகியதையே செய்துகொண்டிருக்கும். இங்கே இருக்க முடிவு செய்தால், மாதம் ஒருநாள் நாலைந்து பேர் கூடி ஒருவர் வேலையை ஒருவர் கிழித்துப் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் இங்கே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெண்களுக்கு இந்த வழி ஆண்களுக்குப் போல் இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் சுதந்திரம் தம்பிக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சை இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்த ஒரே சொல் "படிப்பு". ஒரு தங்கை அந்தக் காரணத்துக்காகப் போகிறேன் என்றால், அது ஓவியத்துக்குச் சம்பந்தமில்லாத காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தனியறையும் கேள்வி கேட்காத இரவுகளும் கிடைத்த பிறகுதான் என் வேலை என்னுடையதாயிற்று. அவர்களுக்கும் சொல்வேன்: கடனில்லாத வழியாகப் பாருங்கள்.

அதில் ஒன்று பரோடா. சென்னையில் நவஜீவன் ரயில் ஏறினால் மறுநாள் அங்கே இறங்கலாம். 1950இல் தொடங்கிய கவின்கலைத் துறை, நல்ல அச்சுப் பட்டறை, நம் கைக்கு எட்டும் கட்டணம், கூசாமல் குறை சொல்லும் சக மாணவர்கள். வெளியே போக வேண்டும் என்ற தவிப்பில் பாதி, ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதுதான். அதற்குப் பரோடாவோ சாந்திநிகேதனோ போதும்.

## ஒரே பார்வையில்

| | லண்டன் | ஜெர்மனி | அமெரிக்கா (உதவித்தொகை) | ரெசிடென்சி | இங்கேயே |
|---|---|---|---|---|---|
| காலம் | 1 ஆண்டு | 2 ஆண்டும் மேலும், மொழிக்கு ஓராண்டு | 2–3 ஆண்டு | 6 வாரம் – 3 மாதம் | உங்கள் கையில் |
| செலவு | சுமார் 45 லட்சம் | ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் | பயணம், விசா, தொடக்கச் செலவு | நிதி தருபவரைப் பொறுத்தது | வாடகை, பொருள் |
| படம் வரைந்து சம்பாதிக்க | மாணவர் விசாவில் முடியாது | தனி அனுமதி வேண்டும் | வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் முடியாது | விசாவைப் பார்க்கவும் | முடியும் |
| கூத்துப் பருவம் | ஒன்று போகும் | குறைந்தது இரண்டு போகும் | பாதி கிடைக்கும் | முழுதும் கிடைக்கும் | முழுதும் கிடைக்கும் |
| தெரியாமல் போவது | வீட்டுப் பத்திரம் | மொழி, பார்வை திரிதல் | 12 மாதக் கெடு | கட்டணம் கேட்கும் இடங்கள் | நேரம், விமர்சனம் |

## தம்பியிடம் சொன்னது

லண்டன் இடத்தை விட்டுவிடு என்றேன். 55,000 ரூபாய்த் தவணை இருந்தால் நீ கூத்தை வரையமாட்டாய், தவணை கேட்பதைத்தான் வரைவாய். இந்தப் பருவத்தில் வாத்தியாரின் ஜமாவோடு முழுதாக இரு. இருபது பலகையாவது செதுக்கி முடி. ஆவணியில் ரெசிடென்சிக்கு எழுது. அதே இருபது பிரதிகளை வைத்து டிசம்பரில் அமெரிக்காவுக்கும் போடு, ஜெர்மன் தொடக்க நிலையான ஏ1 வகுப்பிலும் சேர். அழைப்பு உதவித்தொகையோடு வந்தால், அப்போது வாத்தியார் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடு.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை இடம் கிடைக்கலைன்னா?" என்று கேட்டார். கிடைக்காமலும் போகலாம் என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்ல? இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். வேப்பம்பலகை, இன்னும் இங்க் தடவவில்லை. படுகளத்து மண் துரியோதனன் தலைமாட்டிலிருந்து, கால் பக்கம் சின்னதாகிப் போகும் கோணத்தில். எங்கேயிருந்து பார்த்து ஸ்கெட்ச் போட்டாய் என்று கேட்டேன். பனைமரத்தில் பாதி ஏறி என்றார்.